முரசுக்குள் ஒளிந்த பொருள்

தமிழ்த் திரையுலகின் வரலாற்றை எழுதுவோர் எஸ்.எஸ். வாசனைப் பிரம்மாண்டத்தின் தந்தை என்று போற்றுவது வழக்கம். பெரும் அரங்குகள், நூற்றுக்கணக்கான நடனக் கலைஞர்கள், யானைக் கூட்டம், நாடு தழுவிய விளம்பரம் என அவரது சாதனைகள் எண்ணிக்கையாலேயே அளக்கப்படுகின்றன. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், எண்ணிக்கையை நான் குறைத்து மதிப்பிடுபவன் அல்லன். ஆயினும், வாசனின் தலையாய பங்களிப்பு அவர் செய்த செலவில் இல்லை. பாடலுக்குப் பொருள் தரும் பொறுப்பைச் சொற்களிடமிருந்து காட்சியிடம் பெருமளவுக்கு மாற்றிக் கொடுத்தவர் அவர் என்பதே என் கருத்து.

வாசன் 1904-ஆம் ஆண்டு திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, தாயுடன் சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் கல்விச்சாலையில் பயின்றார். படிப்பு முழுமை பெறவில்லை. விளம்பரம் சேகரித்துத் தரும் தொழிலும், அஞ்சல் வழிப் பொருள் விற்பனையும் அவருக்கு வாழ்வாதாரமாயின. 1928-இல் நலிந்திருந்த ஆனந்த விகடன் இதழை விலைக்கு வாங்கினார். நகைச்சுவை, படங்கள், குறுக்கெழுத்துப் போட்டி, கல்கியின் எழுத்து ஆகியவற்றின் துணையுடன் அதைத் தமிழகத்தின் முன்னணி வார இதழாக உயர்த்தினார்.

இந்த விளம்பரப் பயிற்சியை நாம் எளிதாகக் கடந்து சென்றுவிடக் கூடாது. விளம்பரம் எழுதுபவருக்கு வாசகர் தரும் நேரம் சில விநாடிகளே. அதற்குள் கண்ணில் பட வேண்டும். மனத்தில் பதிய வேண்டும். 1939-இல் கல்கியின் 'தியாகபூமி' தொடர்கதை விகடனில் வெளிவந்தபோது, ஓவியங்களுக்கு மாறாக, கே. சுப்பிரமணியம் இயக்கிய அதே பெயர் கொண்ட திரைப்படத்தின் புகைப்படங்கள் அச்சிடப்பட்டன. எழுத்தும் படமும் அருகருகே வைக்கப்படும்போது அவ்விரண்டிலும் தனித்தனியே இல்லாத ஒரு பொருள் வாசகர் மனத்தில் உருவாகிறது. இந்த உண்மையை வாசன் திரைப்படம் எடுப்பதற்கு முன்பே அச்சுத்தாளில் கண்டிருந்தார்.

திரைத்துறை அவருக்கு முற்றிலும் புதிதன்று. அவர் எழுதிய 'சதி லீலாவதி' 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் படமாகியிருந்தது, எம்.ஜி.ஆர். அறிமுகமான படமும் அதுவே. திரைப்பட விநியோகத்தில் ஈடுபட்டிருந்த வாசன், தீ விபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்டூடியோவை 1940-களின் தொடக்கத்தில் வாங்கினார். அதுவே ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. 'மதன காமராஜன்', 'நந்தனார்', 'மங்கம்மா சபதம்' என அடுத்தடுத்துப் படங்கள் வெளிவந்தன.

அந்நாளைய பாடல் காட்சியின் நிலையைச் சற்று நினைவுகூர வேண்டும். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் நடிகரே காமிராவின் முன் நின்று பாடினார். பாடலும் படமும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டியிருந்ததால், நடிகர் ஒலிவாங்கியை விட்டு விலக முடியாது. காமிராவும் விருப்பம்போல் நகர இயலாது. பாடல் முடியும்வரை ஒரே இடத்திலிருந்து ஒரே பார்வை. நாடக மேடையின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் காண்பதையே திரையரங்கில் இருப்பவரும் கண்டார். பொருள் முழுவதையும் சொல்லும் பொறுப்பு பாடலாசிரியரையும் பாடகரையும் சார்ந்திருந்தது.

1938-இல் வெளியான 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி. மெய்யப்பன் தமிழில் பின்னணிப் பாடல் முறையைக் கையாண்டார். பாடலை முதலில் பதிவு செய்துகொண்டு, பின்னர் அதற்கேற்பப் படம் பிடிக்கும் வழி திறந்தது. பொருளாதாரத்தின் மொழியில் சொன்னால், இது ஒரு வேலைப் பகுப்பு. பாடுபவர் வேறு, ஆடுபவர் வேறு என்றானபோது காமிராவுக்கும் படத்தொகுப்பாளருக்கும் விடுதலை கிடைத்தது. தூரத்திலிருந்து ஒரு காட்சி, முகத்துக்கு அருகில் ஒரு காட்சி, பாதத்தின் அசைவு, பார்ப்பவரின் கண்கள் எனத் துண்டு துண்டாக எடுத்து இசையின் நூலில் கோக்க முடிந்தது. இந்த விடுதலையை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்று நாடு முழுவதற்கும் காட்டியவர் வாசன்.

1948 ஏப்ரலில் வெளியான 'சந்திரலேகா', சுமார் ஐந்தாண்டு உழைப்பின் விளைவு. செலவு ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய் என்று திரை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அதன் உச்சம், மக்கள் 'டிரம் டான்ஸ்' என்று இன்றும் நினைவுகூரும் முரசு நடனம். அரியணையைக் கைப்பற்றிய சசாங்கன், சந்திரலேகாவை மணக்க விரும்புகிறான். அவள் இணங்குவதுபோல் நடித்து, முரசு நடனம் நிகழ்த்த அனுமதி கேட்கிறாள். அரண்மனையின் முன் வரிசை வரிசையாக மாபெரும் முரசுகள் நிறுத்தப்படுகின்றன. அவற்றின் மீது பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் மறைந்திருந்த வீரசிம்மனின் வீரர்கள் வெளிப்பட, நடன அரங்கு போர்க்களமாகிறது.

இந்தக் காட்சியில் பொருள் எங்கே பிறக்கிறது? தூரக்காட்சியில் முரசுகளின் அணிவகுப்பு, ஒரு பேரரசனின் கொண்டாட்டமாகத் தெரிகிறது. அண்மைக்காட்சியில் டி.ஆர். ராஜகுமாரியின் முகம் மகிழ்ச்சியைக் காட்டுகிறது. ஆனால், அவள் விருப்பமின்றி நிற்பவள் என்பது நமக்குத் தெரியும். சசாங்கனாக நடித்த ரஞ்சனின் முகத்தில் வெற்றிக்களிப்பு. ஒரே ஆட்டம் அரசனுக்குத் திருமண விழா. அவளுக்கு விடுதலைப் போரின் தொடக்கம். இந்த முரணைப் பாடல் வரிகளைக் கொண்டு விளக்கிச் சொல்லியிருந்தால் சூழ்ச்சி வெளிப்பட்டிருக்கும். சொல்ல முடியாததைக் காட்சி சுமக்கிறது. யார் எதைப் பார்க்கிறார், யாருக்கு எது தெரியாது என்பதைப் படத்துண்டுகளின் வரிசை தீர்மானிக்கிறது.

இந்தப் பெருமை வாசன் ஒருவருக்கே உரியதன்று. ஒளிப்பதிவாளர் கமல் கோஷ், கலை இயக்குநர் ஏ.கே. சேகர், படத்தொகுப்பாளர் சந்துரு, இசையமைப்பாளர் எஸ். ராஜேஸ்வர ராவ் ஆகியோரின் கூட்டு உழைப்பு அது. படம் முடியும் முன்பே ஜெமினியை விட்டு விலகிய கே. ராம்நாத்தின் பங்கும் பெரிது. அதே காலகட்டத்தில் உதயசங்கர் தம் 'கல்பனா' நாட்டியப் படத்தை ஜெமினி வளாகத்தில்தான் எடுத்தார். அதற்கு ராம்நாத் ஒளிப்பதிவு செய்தார். மேடைக்காக அன்றிக் காமிராவுக்காகவே நடனத்தை அமைக்கும் கலை அங்கே கண்முன் நடந்துகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ், மாதச் சம்பளம் பெறும் கலைஞர்களைக் கொண்டு ஒருங்கிணைத்த தொழில்முனைவோர் என்பதே வாசனின் சிறப்பு.

1948 டிசம்பரில் 'சந்திரலேகா' இந்தியிலும் வெளியாகி வடநாட்டை வியக்கவைத்தது. தமிழ்த் தயாரிப்பாளர்களுக்கு மொழி என்பது ஒரு சந்தைத் தடையாக இருந்த காலம் அது. வசனத்தை மொழிபெயர்க்கலாம்; பாடல் வரியின் நயத்தை மொழிபெயர்ப்பது கடினம். முரசு நடனத்துக்கோ மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. காட்சியால் பொருள் சொல்லும் பாடல் எல்லை கடந்து விற்பனையாகும் சரக்கு என்பதை வாசன் கணக்கிட்டே செயல்பட்டிருக்க வேண்டும்.

அவரது பிற்காலப் படங்களிலும் இந்த உத்தி தொடர்ந்தது. 1953-இல் கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில் ஜெமினி தயாரித்த 'ஔவையார்' படத்தில், கே.பி. சுந்தராம்பாள் விநாயகரை வேண்டிப் பாடுவார். யானைக் கூட்டம் திரண்டு வந்து கோட்டையைத் தகர்க்கும். பாடும் முகத்தையும் ஓடிவரும் யானைகளையும் அடுத்தடுத்து வைத்ததால், பாட்டுத்தான் கோட்டையை இடித்தது என்று அரங்கம் நம்பியது. ரஷிய இயக்குநர் குலெஷோவ் இந்த மனப்போக்கைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துக் காட்டியிருந்தார். ஒரே முகத்தை ஒருமுறை உணவுக் கிண்ணத்தோடும் மறுமுறை சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டினால், முதலில் பசியையும் பின்னர் துயரத்தையும் மக்கள் அம்முகத்தில் கண்டனர். அடுத்தடுத்து வருவனவற்றைக் காரணமாகவும் விளைவாகவும் கொள்வது மனித மனத்தின் இயல்பு.

1958-இல் வாசன் இயக்கிய 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தின் நடனப் போட்டி இதே கலையின் மற்றொரு முகம். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆட, பி. லீலாவும் ஜிக்கியும் பாட, காட்சி ஒருவரிடமிருந்து மற்றவரிடம் தாவுகிறது. தாளம் விரைய விரைய மோதலும் கூர்மை பெறுகிறது. வென்றவர் யார் என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பைப் பார்வையாளரிடம் விட்டதால்தான் அறுபதாண்டுகளுக்குப் பிறகும் அந்த வழக்கு முடியவில்லை.

மேலை நாடுகளில் எம்.டி.வி. தொலைக்காட்சி 1981-இல் தொடங்கிய பின்னரே இசைக் காணொளி என்பது தனிக் கலைவடிவமாகப் பேசப்பட்டது. நம் தாத்தாக்களும் பாட்டிகளும் அதன் இலக்கணத்தைக் கீற்றுக் கொட்டகைகளிலேயே பயின்றுவிட்டனர்.

அந்த இலக்கணம் இன்று எப்படி இயங்குகிறது என்பதை நான் வாழும் திருவள்ளூர் மாவட்டத்தில் நாள்தோறும் காண்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடித்துப் புறநகர் ரயிலில் திரும்பும் இளைஞர்கள் பலர் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என நிலையங்கள் கடந்துபோக, அவர்கள் கைப்பேசியில் பாடல் காட்சிகளைப் பார்க்கிறார்கள். போஜ்புரி, ஒடியா, இந்தி என்ற வரிசையில் தமிழ்ப் பாடலும் வருகிறது. ஒருமுறை ஓர் ஒடிய இளைஞரிடம், தமிழ்ப் பாடல் ஒன்றில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அந்தப் பெண் அவனை விட்டுப் போகப் போகிறாள் என்றார். எப்படித் தெரியும் என்றதற்கு, அவள் எப்போதும் வாசலை ஒட்டியே நிற்கிறாள், இருவரையும் சேர்த்து ஒருமுறைகூடக் காட்டவில்லையே என்று விளக்கினார். திரைக்கல்லூரி மாணவர் சொல்ல வேண்டிய விடை அது.

ஆனால், அதே கைப்பேசியில் அதே இலக்கணம் வேறு சரக்கையும் விற்கிறது. உடனடிக் கடன் செயலிகளும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளும் துள்ளிசைப் பாடல்களாக வந்து விளம்பரம் செய்ததை நாம் பார்த்திருக்கிறோம். இளைஞர் திரையைத் தொடுகிறார்; அடுத்த துண்டில் நாணயங்கள் பொழிகின்றன; அதற்கடுத்த துண்டில் ஊரில் இருக்கும் தாய் சிரிக்கிறார். தொட்டதற்கும் சிரித்ததற்கும் இடையே இருக்க வேண்டிய வட்டி, இழந்த சம்பளம், உறக்கமற்ற இரவுகள் ஆகியவை வெட்டி எறியப்பட்டுள்ளன. பாட்டு கோட்டையை இடித்தது என்று நம்பியதில் யாருக்கும் இழப்பில்லை. அது பக்தியும் கற்பனையும் கலந்த இன்பம். இங்கு நம்புபவர் இழப்பது ஒரு மாத ஊதியத்தை.

உழைப்பவர் உலகம் வாசனுக்கு அந்நியமானதன்று. ஆலை முதலாளிக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான உறவை மையமாக்கி இந்தியில் 'பைகாம்' (1959), தமிழில் 'இரும்புத்திரை' (1960) ஆகிய படங்களை இயக்கியவர் அவர். தம்முடைய பார்வையாளர் யார், நாள் முழுதும் உழைத்த களைப்புடன் நாலணா கொடுத்து அரங்குக்குள் வருபவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை அவர் அறிந்திருந்தார். மயக்கத்தைத்தான் அவரும் விற்றார். ஆயினும் நுழைவுச்சீட்டின் விலையைத் தவிர வேறொன்றையும் அந்த மயக்கம் பார்வையாளரிடமிருந்து பறிக்கவில்லை.

வாசனின் வழிமுறைக்கு ஒரு விலையும் இருந்தது. 'சந்திரலேகா'வுக்குப் பின் பிரம்மாண்டமே வெற்றிக்கு வழி என்ற எண்ணம் வலுத்தது. மாதச் சம்பளக் கலைஞர்களைக் கொண்ட பெரிய ஸ்டூடியோ என்னும் அமைப்பு, நட்சத்திரங்களின் ஊதியமும் வெளிப்புறப் படப்பிடிப்பும் பெருகிய காலத்தில் பெருஞ்சுமையாயிற்று. மாநிலங்களவை உறுப்பினராகவும், பத்மபூஷண் விருதாளராகவும் சிறப்புற்ற வாசன் 1969 ஆகஸ்ட் 26 அன்று மறைந்தார். சில ஆண்டுகளில் ஜெமினி ஸ்டூடியோவும் ஓய்ந்தது. 1973-இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தை ஜெமினி மேம்பாலம் என்று அழைக்கும் மக்கள் நாவில் மட்டும் அது இன்றும் வாழ்கிறது.

நம் பள்ளிகளும் கல்லூரிகளும் செய்யுளுக்குப் பொருள் காணக் கற்பிக்கின்றன. காட்சிக்குப் பொருள் காணக் கற்பிப்பதில்லை. ஒரு பாடலின் நலம் பாராட்டும் மாணவனிடம், காமிரா யார் பக்கம் நிற்கிறது, இந்தத் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் எது விடப்பட்டிருக்கிறது, இதைப் பார்ப்பதால் யாருக்கு ஆதாயம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கலாம். தமிழ்ப் பாடவேளையில் ஒரு மணி நேரமும் ஒரு பழைய பாடல் காட்சியும் போதும். தொழிற்பயிற்சி நிலையங்களிலும், புலம்பெயர் தொழிலாளர் விடுதிகளிலும்கூட இதைச் செய்ய முடியும். மொழி ஒரு தடையாக இராது.

முரசு ஆட்டத்தை ரசித்துக்கொண்டிருந்த சசாங்கன் அரியணையை இழந்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தவறியதால்தான். அந்தக் கேள்வியை நம் பிள்ளைகள் கேட்கட்டும்.