தந்த சுகாதாரத்தின் தந்தை டாக்டர் ஆல்பிரட் போன்ஸ்

போர்க்களத்தில் வெற்றி பெற்றோரையும், நாடுகளைக் கண்டு பிடித்தோரையும், அரசியலை நடத்தினோரையும் சரித்திர ஆசிரியர் புகழ்ந்து எழுதுகின்றனர். அங்ஙனம் எழுதுவது தக்கதே. ஆயின், உலகம் சிறிதென்று எண்ணித் தள்ளும் ஒரு காரியத்தைக் கையிலெடுத்து, அதற்கே தம் வாழ்நாளை ஒப்புவித்து, எண்ணிறந்த மக்களின் துன்பத்தைக் குறைத்துச் சென்ற பெரியாரும் உளர். அத்தகையோருள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பிறந்த டாக்டர் ஆல்பிரட் சிவிலியன் போன்ஸ் என்பவர். அவர் எடுத்துக்கொண்ட காரியம் சிறு குழந்தைகளின் பற்களைத் தூய்மையாக வைத்தலேயாம். பல்லைப்பற்றி ஒரு சரித்திரமா என்று நகைப்பவர், பல்வலியால் ஓர் இரவு முழுதும் உறக்கமின்றிக் கிடந்து பார்ப்பாராயின், பின்னர் நகையார்.

போன்ஸ் 1869ஆம் ஆண்டில் கனெக்டிகட் நாட்டிலுள்ள பிரிட்ஜ்போர்ட் என்னும் நகரத்திற் பிறந்தார். அது கடற்கரையில் அமைந்து, தொழிற்சாலைகள் மலிந்து, பல தேசத்துத் தொழிலாளரும் வந்து குடியேறிய நகரம். அவர் தந்தையாரும் தந்த வைத்தியரே. அந்நகரத்தின் மேயராகவும் இருந்து தொண்டாற்றியவர். எனவே மைந்தர் நோயாளிகளின் முனகலையும், நகர மக்களின் குறைகளையும் இளமை தொட்டே கேட்டு வளர்ந்தார் எனலாம். நியூ யார்க்கு நகரத்துத் தந்த வைத்தியக் கலாசாலையிற் கற்று, 1890ஆம் ஆண்டில் பட்டம் பெற்றுத் தந்தையாரோடு தொழில் நடத்தத் தொடங்கினார்.

அவ்வாண்டிலேதான் மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர், பெர்லின் நகரிலிருந்துகொண்டு, பற்சொத்தையின் காரணத்தை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். வாயில் வாழும் கிருமிகள் நாம் உண்ணும் மாவையும் சர்க்கரையையும் உண்டு புளிப்பாக்குகின்றன. அப்புளிப்புப் பல்லின் மேலோட்டைக் கரைக்கின்றது. கரைந்த இடமே நாளடைவிற் குழியாகின்றது என்பது அவர் கண்ட முடிபு. காரணம் வெளிப்பட்டது, ஆயினும் வைத்தியரின் செய்கை மாறவில்லை. குழி விழுந்தால் அடைப்பதும், அடைக்க இயலாதாயின் பிடுங்குவதும், பிடுங்கிய இடத்திற் பொய்ப்பல் வைப்பதுமே தொழிலாக இருந்தது. போன்ஸும் சில ஆண்டுகள் அவ்வாறே செய்து வந்தார். நாள்தோறும் பாழான பற்களைச் செப்பனிட்டும், மீண்டும் அந்நோயாளிகளே வேறு குழிகளோடு வந்து நிற்பதைக் கண்டு அவர் உள்ளம் சலித்தது. ஓடும் நீரை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவன் வேலை என்று முடியும்?

1899ஆம் ஆண்டில் பிலதெல்பியா நகரத்துத் தந்த வைத்தியராகிய டி. டி. ஸ்மித் என்பவர் வைத்தியர் சபையொன்றிற் செய்த பிரசங்கத்தைப் போன்ஸ் கேட்க நேர்ந்தது. குறித்த காலந்தோறும் நோயாளியை வரச்செய்து, பற்களின் எல்லாப் பக்கங்களையும் கையாலேயே துடைத்து மெருகிட்டு வந்தால் நோய் பெரிதும் தடைப்படும் என்பது ஸ்மித்தின் கொள்கை. போன்ஸ் கேட்டதோடு அமையாமல், பிலதெல்பியாவிற்கே சென்று அம்முறையை நேரிற் கண்டார். பின்னர்த் தம் நோயாளிகளிடம் ஐந்தாண்டுக் காலம் சோதித்துப் பார்த்தார். ஈறுகள் இறுகின, இரத்தக் கசிவு நின்றது, புதிய சொத்தைகள் குறைந்தன. கொள்கை மெய்யென்று கண்டார்.

ஆயின் ஒரு தடை எழுந்தது. ஒருவருடைய பற்களை நன்கு தூய்மை செய்ய நெடுநேரம் வேண்டும். ஒரு வைத்தியர் எத்தனை பேருக்குச் செய்ய இயலும்? ஏழைகளின் நிலை என்னாவது? போன்ஸ் சிந்தித்து ஒரு முடிபுக்கு வந்தார். இத்தொழில் ஒன்றை மட்டும் செவ்வனே பயின்ற பெண்மணிகளை ஏன் உண்டாக்கலாகாது? 1906ஆம் ஆண்டில் தம் உறவினரும், தம்மிடம் உதவியாளராக இருந்தவருமாகிய ஐரீன் நியூமன் அம்மையாருக்கு இக்கலையைக் கற்பித்தார். அடுத்த ஆண்டில் கனெக்டிகட் நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது, வைத்தியரல்லாதார் வாயில் வேலை செய்தல் ஆகாதென்று விதித்த அச்சட்டமே பல் துடைக்கும் பணிக்கு மட்டும் விலக்களித்தது. அச்சிறு விலக்கின் வழியாகவே ஒரு புதிய தொழில் உலகிற்கு வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இன்று பல் துடைக்க வரும் பெண்கள் நாளை பல் பிடுங்கவும் வருவர் என்று வைத்தியர் சிலர் அஞ்சினர். ஒஹாயோ நாட்டில் 1910ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தகைய வகுப்பொன்று வைத்தியர்களின் எதிர்ப்பால் நிலைபெறாமற் போயிற்று. போன்ஸ் அஞ்சினாரல்லர். எல்லை எதுவென்று திட்டமாக வரையறுத்தார்: குழி அடைத்தலும் பிடுங்குதலும் வைத்தியருக்கு, தூய்மையும் போதனையும் இப்பணியாளருக்கு. பெயரிடுவதிலும் அவர் கருத்தூன்றினார். தந்தத் தாதி என்று சிலர் அழைத்தனர். தாதி என்றால் நோய் நினைவுக்கு வரும். தம் மாணவிகளோ நோயை அன்று, நலத்தைப் பேணுவோர். ஆதலால் சுகாதாரம் என்னும் சொல்லை வைத்தே, தந்த சுகாதாரப் பணியாளர் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அப்பெயரே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

1913ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தம் வைத்தியசாலைக்குப் பின்னாலிருந்த வண்டிக் கொட்டகையைச் செப்பனிட்டு வகுப்பறையாக்கி, உலகத்தில் முதலாவதான தந்த சுகாதாரப் பள்ளியைத் திறந்தார். ஆசிரியைகள், பயிற்சி பெற்ற தாதிகள், வைத்தியரின் உதவியாளர், வைத்தியரின் மனைவியர் எனப் பலதிறத்துப் பெண்மணிகள் 30க்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். பெரிய சர்வகலாசாலைகளின் பேராசிரியர்கள் அக்கொட்டகைக்கு வந்து பாடஞ் சொன்னார்கள் என்பது வியக்கத்தக்கது.

அங்கே அவர்கள் கற்றது யாது? பல் துடைக்க ஒரு பள்ளியா என்று கேட்போர்க்கு இதுவே விடை. முதலாவது, உடலமைப்பும் உடலியக்கமும் கற்றனர். பாற்பற்கள் இருபதும், நிலைப்பற்கள் முப்பத்திரண்டும், ஒவ்வொன்றும் எவ்வயதில் எவ்வுருவத்தோடு முளைக்கும் என்பதை ஐயமற அறிந்தனர். ஏறக்குறைய ஆறாம் வயதிற் பாற்பற்களுக்குப் பின்னே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கின்றது. அதைப் பெற்றோர் பாற்பல்லென்றே எண்ணி, விழுந்தால் வேறு முளைக்குமென்று கவலையற்றிருப்பர். அதுவோ வாழ்நாள் முழுதும் இருக்கவேண்டிய நிலைப்பல். இவ்வொரு செய்தியை அறியாமையால் இழந்த பற்கள் எத்துணையோ!

இரண்டாவது, கிருமிகளின் இயல்பும், கருவிகளைக் கிருமியறச் செய்யும் விதமும் கற்றனர். பல்லின்மேற் படியும் மெல்லிய படலம், துடைக்கப்படாமல் விடப்பட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்தை ஏற்று இறுகிப் பற்காரையாகின்றது. ஈற்றின் ஓரத்தில் அது கல்போல் அமர, அதன்மேலும் கிருமிகள் குடியேற, ஈறு வீங்கிக் குருதி கசிந்து, பல்லைத் தாங்கும் எலும்பும் தேய்ந்து, சொத்தையற்ற பல்லும் ஆடி விழுகின்றது. பயோரியா என்று நாம் அழைக்கும் அந்நோயின் வரலாற்றைப் படிப்படியாக அறிந்தனர். அன்றியும் உணவின் தன்மை, பற்களின் ஒழுங்கின்மை, குழந்தைகளின் மனவியல்பு முதலியனவும் பாடங்களாயின.

மூன்றாவது, கைப்பழக்கம். எடுத்த எடுப்பில் மனித வாயில் அவர்களைக் கைவைக்க விடவில்லை. முதலிற் பொம்மைத் தலையில் அமைத்த பற்களின்மேற் பயின்றனர். ஆரஞ்சு மரத்துச் சிறு குச்சியைக் கைப்பிடியிற் செருகி, நனைத்த நுரைக்கல் தூளைத் தொட்டு, ஒவ்வொரு பல்லின் ஒவ்வொரு பக்கத்தையும் வரிசை தவறாமல் தேய்த்தனர். காரையைச் சுரண்டும் கருவி கூரியது. கை சற்றே வழுக்கினும் ஈறு கிழியும். ஆதலால் ஒரு விரலை அடுத்த பல்லின்மேல் ஊன்றிக்கொண்டே மற்ற விரல்களால் கருவியை இயக்கும் நிதானத்தைக் கற்றனர். அந்நிதானம் வந்த பின்னரே மனிதர் வாயிற் பணிசெய்யும் அனுமதி கிடைத்தது. 1914ஆம் ஆண்டில் 27 பேர் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர்.

போன்ஸின் உள்ளக்கிடக்கை இனியே வெளிப்பட்டது. செல்வருடைய பற்களுக்கு மெருகிடவா இவ்வளவு முயற்சி? அன்று. அவர் நகர சபையை வேண்டிப் பணவுதவி பெற்று, பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பொதுப் பள்ளிக்கூடங்களுக்குத் தம் மாணவிகளை அனுப்பினார். எளிதில் தூக்கிச் செல்லத்தக்க நாற்காலியும் கருவிகளும் பள்ளிக்கூடந்தோறும் சென்றன. முதலிரண்டு வகுப்புக்களின் பிள்ளைகளோடு வேலை தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறிற்று. பிள்ளைகளின் வாயைச் சோதித்துக் குறிப்பெழுதினர்; பற்களைத் துடைத்தனர்; வகுப்பு முழுவதையும் ஒருங்கே நிற்கச்செய்து, தாளத்திற்கேற்பத் தேகப்பயிற்சிபோற் பல் துலக்கப் பழக்கினர்; பெற்றோருக்குச் சிறு பிரசுரங்களை அனுப்பினர். பற்களை மூடியபடி பிரஷைப் பெரிய வட்டமாகச் சுழற்றும் எளிய முறையொன்றை அவர் குழந்தைகளுக்குக் கற்பித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. பிரஷைத் தொட்டறியாத தொழிலாளர் பிள்ளைகள் பலர் இவ்வாறு பயன் பெற்றனர். ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, நிலைப்பற்களின் சொத்தை குறைந்திருந்ததோடு, வகுப்பில் தேறாமற் பின்தங்கும் பிள்ளைகளின் தொகையும் குறைந்திருந்ததென்று போன்ஸ் அறிவித்தார்.

1915ஆம் ஆண்டில் கனெக்டிகட் நாடு இத்தொழிலைச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது. 1917ஆம் ஆண்டில் உலகிலேயே முதல் அனுமதிச் சீட்டு ஐரீன் நியூமன் அம்மையாருக்கு அளிக்கப்பட்டது. போன்ஸோ 1916ஆம் ஆண்டில், மூன்று வகுப்புக்களில் 97 பேரைப் பயிற்றியபின், தம் பள்ளியை நிறுத்திவிட்டார். தோல்வியால் அன்று; நியூ யார்க்கு, பாஸ்டன், ராச்செஸ்டர் ஆகிய நகரங்களில் பெரிய ஸ்தாபனங்கள் அப்பணியை ஏற்றுக்கொண்டமையால். அவ்வாண்டிலேயே தம் பள்ளியின் விரிவுரைகளைத் திரட்டி வாய்ச் சுகாதார நூலொன்றை வெளியிட்டார். விதையை ஊன்றியவர், நிழல் தமக்கே வேண்டுமென்று மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை.

அவர் எண்ணியன யாவும் முற்றிலும் சரியென்று கூறுதல் உண்மையாகாது. பல்லைத் துடைத்தலே சொத்தையைத் தடுக்குமென்று அவர் பெரிதும் நம்பினார். சர்க்கரையைக் குறைத்தலும், புளோரைடு என்னும் உப்பின் துணையும் அதற்கு இன்றியமையாதன என்பது பின்னரே தெளிவாயிற்று. இப்பணிக்குப் பெண்களே தக்கவரென்று அவர் கருதினார். இக்காலத்தில் ஆடவரும் இதனைச் செவ்வனே செய்கின்றனர். இன்று இக்கல்வி பயில்வோர், அக்கொட்டகையிற் கற்பித்தவற்றோடு, எக்ஸ்ரே படம் எடுத்தலையும், ஈற்றிற்கும் பல்லிற்கும் இடையேயுள்ள ஆழத்தை மில்லிமீட்டர்க் கணக்கில் அளத்தலையும், கடைவாய்ப்பற்களின் பிளவுகளைப் பூசி மூடுதலையும் கற்கின்றனர். ஆயினும் அடிப்படை அன்று இட்டதே.

1938ஆம் ஆண்டில் டாக்டர் போன்ஸ் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1949ஆம் ஆண்டில் அவர் பிறந்த நகரத்துச் சர்வகலாசாலையில் அவர் பெயரால் ஒரு தந்த சுகாதாரப் பள்ளி நிறுவப்பெற்றது. அதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டில், நம் இந்திய நாடு இயற்றிய தந்த வைத்தியர் சட்டமும் இப்பணியாளர்க்கெனத் தனியே பதிவேடு வகுத்தது. வண்டிக் கொட்டகையில் ஏற்றிய விளக்கின் ஒளி கடல் கடந்து நம் கரையையும் எட்டியது.

நண்பர்களே! ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு விடியற்காலையிற் பல் துலக்கிய முன்னோரின் வழிவந்த நமக்கு இப்பெரியாரின் போதனை புதிதன்று, ஆனால் மறந்துபோனது. அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது பற்களைப் பேணும் பாடம் மட்டுமன்று. தமக்கு வருவாய் தரும் நோயையே குறைக்க முயன்ற வைத்தியர் அவர். தாம் அறிந்ததைப் பூட்டி வைக்காமல், தம்மினும் தாழ்ந்தவரென்று உலகம் எண்ணியவர் கையில் ஒப்புவித்தார். சீடருடைய கால்களைக் கழுவின நம் ஆண்டவர், இழிந்த தொண்டென்று ஒன்று இல்லையென்பதைக் காட்டியருளினார். ஏழைப் பிள்ளையின் வாயைத் துடைப்பதும் அத்தகைய தொண்டே. பட்டம் பெற்று இக்கலாசாலையை விட்டுச் செல்லும் நாம், எத்தொழிலிற் புகினும், நம் கையிலுள்ள அறிவு யாருக்குச் சென்று சேர்கின்றது என்று இடையிடையே வினவிக்கொள்வோமாக.