கவனித்துக் கண்டறிந்த லெனெக்

காய்ச்சல் என்று மருத்துவரிடம் சென்றால், அவர் முதலில் நம் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்க்கிறார். அந்தக் கருவியை உலகுக்குத் தந்தவர் ரெனே லெனெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர். மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயைத் தனியொரு நோயாக எடுத்துரைத்தவரும் அவரே என்பதை நம்மில் பலர் அறியோம்.

லெனெக் 1781ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் பிறந்தார். இளம் வயதிலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். நாந்த் நகரில் மருத்துவராயிருந்த தந்தையின் உடன்பிறந்தார் அவரை வளர்த்தார். புல்லாங்குழல் வாசிப்பதிலும் மரவேலையிலும் விருப்பம் கொண்டிருந்தார். ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசியான அவர் ஏழைகளிடம் பரிவு காட்டினார்.

பாரிசில் மருத்துவம் பயின்றபோது, இறந்தோரின் உடல்களைச் சோதித்துப் பார்க்கையில், சில உறுப்புகளில் கன்னங்கரிய கட்டிகளைக் கண்டார். அவை மற்றக் கட்டிகளைப் போன்றவையல்ல என்று உணர்ந்தார். கருமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்நோய்க்குப் பெயரிட்டு, 1804இல் அதைப் பற்றி உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது 23தான்!

1816இல், இதயநோயுற்ற ஓர் இளம்பெண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தது. அவள் மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையன்று என்று கருதி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். துடிப்பு தெளிவாகக் கேட்டது. பின்னர் மரத்தைக் கடைந்து தம் கையாலேயே அக்கருவியைச் செய்தார். 1819இல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார்.

அந்தோ! காசநோய் அவரையும் விட்டுவைக்கவில்லை. அவர் கண்டுபிடித்த கருவியைக் கொண்டே உறவினர் ஒருவர் அவர் நெஞ்சைச் சோதித்து நோயை அறிந்தார். 1826 ஆகஸ்டு 13இல், 45ஆம் வயதில் லெனெக் இறைவனடி சேர்ந்தார்.

அவர் பெயரிட்ட நோயைப் பற்றி இன்று நாம் அறிந்தவை பல. தோலுக்கு நிறம் தரும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே மெலனோமா. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதற்கு முக்கியக் காரணம். ஆகவே உச்சி வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் நமக்குக் காவல். கருநிறத்தவருக்கு இந்நோய் அரிது. ஆயினும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரக்கூடும். இவ்விடங்களில் வருவதற்கு வெயில் முக்கியக் காரணமன்று. எனவே குடை மட்டும் போதாது, கண்ணும் விழிப்பாயிருக்க வேண்டும்.

மச்சத்தின் இரு பாதிகளும் ஒத்திராவிட்டாலும், ஓரம் ஒழுங்கற்றிருந்தாலும், பல நிறங்கள் தோன்றினாலும், 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானாலும், நாளுக்கு நாள் மாறினாலும், இரத்தம் கசிந்தாலும் உடனே மருத்துவரை நாட வேண்டும். சுண்ணாம்பு தடவி அதை எரிக்க முயல்வது ஆபத்து. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகும்; பரவிவிட்டாலோ உயிருக்கே இடர்.

தோழியரே, பிறர் கவனியாததைக் கவனித்ததே லெனெக்கின் பெருமை. மாதம் ஒருமுறை நம் தோலை நாமே பார்ப்போம். பாட்டியின் பாதங்களையும் பார்ப்போம். அவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.