தொண்டே தலைமை: திரு.வி.க. வாழ்வு

உலகில் தலைமையை விரும்புவோர் பலர். தொண்டினை விரும்புவோர் சிலர். தொண்டு செய்துகொண்டே, தாம் வேண்டாமலே தலைவராயினார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவருடைய வாழ்வை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். பெரம்பூர்ப் பக்கத்து மக்களாகிய நமக்கு அவர் பெயர் புதிதன்று. திரு.வி.க. நகர் என்று நாடோறும் வாயால் வழங்குகின்றோம். பெயரை வழங்கும் அளவு வாழ்வை அறிந்துள்ளோமா என்பதே வினா.

திருவாரூர் விருத்தாசல முதலியார் கலியாணசுந்தரனார் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் செங்கற்பட்டுப் பக்கத்துத் துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சென்னை வெஸ்லி பள்ளியிற் பயின்றார். ஆங்கே யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை அவர்களைத் தமிழாசானாகப் பெற்றார். 1904-ஆம் ஆண்டில், அவ்வாசிரியர் பொருட்டு நீதிமன்றத்தில் சாட்சி பகரச் செல்ல நேர்ந்தமையால் பள்ளியிறுதித் தேர்வினை எழுதாது விட்டார். பட்டம் போயிற்று, நன்றி நின்றது. பின்னர் ஸ்பென்ஸர் கம்பெனியில் கணக்கர் வேலையில் அமர்ந்தார். சுதேசிய இயக்கத்தில் மனஞ் சென்றமையால் அவ்வேலையும் நீங்கிற்று. ஆசிரியத் தொழில் பூண்டு வெஸ்லி கல்லூரியிலே தமிழாசிரியராய் விளங்கிய காலத்து, 1917-ஆம் ஆண்டிறுதியில் அதனையுந் துறந்து ‘தேசபக்தன்’ பத்திரிகையின் ஆசிரியரானார். நிலையான ஊதியத்தைத் தாமே கைவிடுவோன் நெஞ்சில் அச்சத்துக்கு இடம் ஏது?

நிற்க. அந்நாளிற் பெரம்பூர் எவ்வாறிருந்தது? பக்கிங்ஹாம், கர்நாடிக் என்னும் இரு நெசவாலைகள் பல்லாயிரவர்க்குச் சோறளித்தன. ஆயின் அச்சோறு எளிதிற் கிட்டியதன்று. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் ஆடவரை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க இடந் தந்தது. உணவுக்கு விட்ட இடைவேளை அரை மணி நேரமே. தொழிலாளர் தம் குறைகளை எவரிடம் உரைப்பர்? ஆலைக்கருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இருவரிடம் உரைத்தனர். அவ்விருவரும் நடத்திவந்த பக்தி சபையிற் சமயச் சொற்பொழிவாற்ற வந்தவருள் நம் திரு.வி.க.வும் ஒருவர். ஆண்டவன் புகழ் கேட்க வந்தோரின் துயரைக் கேட்கலானார். பி.பி. வாடியா அவர்களைத் தலைவராகக் கொண்டு 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் ஒழுங்குற அமைந்த முதல் தொழிற்சங்கம் என அதனை வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர். திரு.வி.க. அதன் துணைத்தலைவருள் ஒருவரானார்.

அதே 1918-ஆம் ஆண்டில் அவர்தம் மனைவியார் கமலாம்பாள் மறைந்தார். பிறந்த மக்கள் இருவரும் நிலைத்திலர். முப்பத்தைந்தாம் வயதிலே இல்லம் வெறுமையாயிற்று. அவர் மறுமணத்தை நாடவில்லை. தம் வீட்டுக் குறையை ஊராரின் குறைக்குள்ளே கரைத்துக்கொண்டார் என்றே நாம் கருதுகின்றோம்.

இனி, நம்மனோர் நன்கு உன்னவேண்டிய இடத்துக்கு வருகின்றோம். 1921-ஆம் ஆண்டு ஆலைகளில் பெரியதொரு வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வேலையை நிறுத்தினர். ஆதிதிராவிடத் தொழிலாளருட் பலர் வேலைக்குத் திரும்பினர். முந்தைய போராட்டங்களிற் பட்ட கடனும் பசியும் அவர்களை வருத்தியிருந்தன. ஏனையோர் தம்மை உடன்பிறந்தாராய்க் கருதுவர் என்னும் நம்பிக்கையும் அவர்க்கில்லை. அந்நம்பிக்கையை அளியாதார் யார்? விளைவு யாது? புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன. கலகம் மூண்டது. ஆகஸ்டு 29-ஆம் நாள் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. முதலாளி முன்னே ஒன்றாய் நிற்கவேண்டிய கைகள் சாதியால் இரண்டுபட்டன, அவ்வளவே காரணம்.

அத்துயர நாட்களில் திரு.வி.க. அமைதி வேண்டித் தொழிலாளரிடையே உழன்றார். கவர்னர் வில்லிங்டன் பிரபு அழைத்து நாடு கடத்துவதாக எச்சரித்த போதும் தொழிலாளரை விட்டகலவில்லை. வெற்றி நாளிலே மாலை பெறுதற்குப் பலர் வருவர். தோல்வி நாளிலே உடனிருத்தற்கு ஒழுக்கம் வேண்டும்.

அவ்வொழுக்கம் முதுமையிலும் தளர்ந்திலது. 1947-ஆம் ஆண்டு அவ்வாலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் எழுந்தது. அப்பொழுது ஆட்சியிலிருந்தது காங்கிரஸ் மந்திரிசபை, திரு.வி.க.வோ காங்கிரஸுக்காக நெடுங்காலம் உழைத்தவர். ஆயினும் தொழிலாளர் பக்கமே நின்றார். தம்மவர் ஆட்சியிலேயே, அறுபது கடந்த பருவத்தில், வீட்டுக் காவலை ஏற்றார். அயலாரை எதிர்த்து நிற்றல் எளிது. தம்மவரை எதிர்த்து நியாயத்தின் பக்கல் நிற்றல் அரிது. இறுதியிற் கண்ணொளி மங்கிய பின்னும் நூல்களைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் மறைந்தார்.

அவ்வாலைகள் இன்று இல்லை; அவற்றின் சங்கொலியும் அடங்கிற்று. அவற்றில் உழைத்தாரின் பேரன் பேத்தியர் நம் குடும்பங்களிலும் உளர். நம் சங்கம் நம் குலத்தாரின் நன்மைக்கென அமைந்தது. அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. ஆயின் நம் வாயிற்படியிலேயே நம் அன்பு நின்றுவிடுமாயின், 1921-ஆம் ஆண்டின் நெருப்புக்கு நாமும் ஒரு துரும்பு சேர்த்தவராவோம். நம் கல்வி நிதியில் ஒரு பங்கு அண்டைத் தெருவின் ஏழைச் சிறார்க்குச் செல்லட்டும். நம் மாலைப் பள்ளியின் பலகையில் எக்குலத்துக் குழந்தையும் அமரட்டும். நிருவாகிகள் கணக்கைக் கேளாமுன்னே காட்டட்டும். விழா முடிந்தபின் பந்தலைப் பிரிப்பதிலும் முன்னிற்கட்டும்.

சீர்திருத்தம் பிறர் வீட்டில் தொடங்குவதன்று. தன் நெஞ்சில் தொடங்குவது. பெரம்பூர் மண் இதனை ஒரு பெரியாரின் வாழ்வாற் கண்டது. நாமும் அவ்வழி சிறிதேனும் நடப்போமாக.