களையும் கதிரும்: வேதநாயக சாஸ்திரியார் சரிதம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தையடுத்த பழையசீவரத்துக் கழனிகளிலே, நெல்லோடு நெல்லாக ஒருவகைப் புல்லும் முளைத்து வளர்வதுண்டு. இளம்பருவத்தில் அதனைப் பயிரினின்றும் பிரித்தறிதல் பழகிய கண்ணுக்கும் அரிது. கதிர் வெளிப்பட்ட பின்னரே இன்னது நெல், இன்னது களை என்பது ஐயமறப் புலப்படும். மத்தேயு சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் அருளிய உவமையும் இத்தகையதே. கோதுமை விதைத்த நிலத்திலே சத்துரு இரவில் வந்து களை விதைத்துப் போகின்றான். களையைப் பிடுங்கப் புறப்பட்ட வேலைக்காரரை எசமான் தடுத்து, அறுப்புக்காலம் வரையில் இரண்டையும் வளரவிடும்படி கட்டளையிடுகின்றான். இவ்வுபதேசத்தின் ஆழத்தைத் தமிழ்த் திருச்சபையின் சரித்திரத்தில் ஆராய விரும்புவோர்க்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்க்கை தக்கதோர் சான்றாகும்.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் வேளாளர் குலத்திலே தோன்றினார். இவருடைய தந்தையார் தேவசகாயம் என்பவர். 1785-இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த சுவார்த்தையர், சிறுவனின் கூரிய அறிவைக் கண்டு வியந்து, தந்தையாரின் இசைவு பெற்று, அவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அக்காலத்தில் இளவரசராயிருந்த சரபோஜியும் அவ்வையரின் பாதுகாப்பிலே வளர்ந்தவராதலின், பிற்காலத்தே அரசராகிய அவர்க்கும் புலவராகிய இவர்க்கும் நட்பு நிலைத்தது. சாஸ்திரியார் தரங்கம்பாடியிலும் கல்வி கற்று மீண்டு, இருபது வயதளவிலேயே தஞ்சையில் ஆசிரியராக அமர்ந்தார்.

அவர் விளைவித்த நற்கதிர்களோ மிகப் பல. குறவஞ்சி என்னும் நாடகவகையைக் கிறிஸ்தவ சத்தியத்திற்கு ஏற்ப அமைத்து, பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அதனுள் வேதப்பொருளோடு பூகோளமும் வானசாஸ்திரமுமாகிய புதிய கலைகளும் இடம்பெற்றன. கற்றோரேயன்றி மற்றோரும் பாடி மகிழும்படி அவர் இயற்றிய கீர்த்தனைகளால், ஐரோப்பிய இராகங்களையே பெரிதும் நம்பியிருந்த ஆராதனை தமிழிசையின் இனிமையைப் பெற்றது.

ஆயினும் அந்நிலத்தில் களையும் வளர்ந்தது. அக்காலத் தஞ்சைச் சபையில் மேற்குலத்தார் எனப்பட்டோர் ஒருபுறமும், தாழ்த்தப்பட்டோர் மறுபுறமும் பிரிந்தே அமர்ந்தனர். திருவிருந்திலும் முன்னவர் முதலிலும் பின்னவர் பிறகும் பெற்றனர். முற்கால மிஷனெரிமார், காலப்போக்கில் இவ்வேற்றுமை தானே தேயும் எனக் கருதிப் பொறுத்திருந்தனர். பின்வந்த இளையோர் இதனை ஒழிக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். சாதியாசாரத்தைத் திருத்துதல் பயித்தியம் என்று வாதித்து 1829-இல் நூலொன்றும் எழுதினார். மிஷன் பணியை இழந்த அவரைச் சரபோஜி மன்னர் ஆதரித்தார். 1832-இல் மன்னர் மறைந்தார். அடுத்த ஆண்டிலே கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன், சபைக்குள் சாதிவேற்றுமை கூடாதென ஆணையிட்டார். அதனைப் பொறாது சபையை விட்டு நீங்கினோர் பலர். சாஸ்திரியார் 1864-இல் தமது எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார்.

நண்பர்காள்! இத்தகைய மனிதரை நாம் எவ்வாறு மதிப்பது? புலமையின்பொருட்டுப் பிழையை மறைப்போர் ஒரு சாரார். பிழையின்பொருட்டுப் புலமையையே எறிய விழைவோர் மற்றொரு சாரார். இருசாராரும் உவமையை மறந்தவரே. எசமான் களையைக் கோதுமையென்று சொல்லவில்லை. அதனை விதைத்தவன் சத்துரு என்றே தெளிவாக உரைத்தான். வேலைக்காரர் அவசரத்தால் கோதுமையும் வேரோடு பெயர்ந்துவிடும் என்பதே அவனது அச்சம். ஆகவே தீமையைத் தீமையென்று கூறுதல் நம் கடமை. மனிதனை முற்றும் தீயவனென்று தீர்த்து விலக்குதல் நம் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது.

இவ்விடத்தே இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. முற்கால மிஷனெரிமார் காட்டிய பொறுமைக்கு விலை கொடுத்தவர் யாவர்? மேற்குலத்தாரல்லர், சபையின் மறுபுறத்தே அமர்த்தப்பட்டு, திருவிருந்திற்கும் காத்து நின்ற எளியவரே. களையால் நெருக்குண்ட பயிரை நோக்கிப் பொறுத்திரு என்று புறத்தே நிற்பவன் சொல்வது எளிது. எசமான் பொறுமையைக் கற்பித்தது பிடுங்க வந்த வேலைக்காரருக்கேயன்றி, நெருக்குண்டு வாடும் பயிருக்கன்று. ஆதலின் இவ்வுவமையை அநீதிக்கு அரணாக்குதல் தகாது. ஆணையால் மாத்திரம் களை ஒழியவில்லை என்பதும் உண்மையே; சாதிவேற்றுமை இந்நாளிலும் சபைகளில் முற்றும் நீங்கிற்றில்லை.

இன்றோ, அன்று பிரித்தமர்த்தப்பட்டோரின் சந்ததியாரும் ஆலயங்களில் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தமக்குரியனவாகவே பாடுகின்றனர். அவருடைய கோதுமை அவருடைய களையால் ஒதுக்கப்பட்டோர்க்கும் உணவாயிற்று. அவருடைய சாதிவாத நூலையோ ஆராய்ச்சியாளரன்றிப் பிறர் நாடுவதில்லை. முழு அறுவடை தேவதூதருக்குரியது. நாமோ நமது நெஞ்சமாகிய கழனியில் எது முளைத்திருக்கிறதென்று நாள்தோறும் நோக்கி, பிறரை நெருக்கும் களை அங்குக் காணப்படின் அதனை இன்றே களையக் கடமைப்பட்டவராவோம்.