காமக்கிழத்தியும் கவிஞர்களும்

ஆங்கில அரசவையில் மன்னரின் காமக்கிழத்தியராய் வாழ்ந்த மகளிர் பலர். ஆட்சியையே ஆட்டிவைத்தோரும் பொன்னும் பட்டமும் குவித்தோரும் அவர்களுள் உண்டு. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் காதலியான ஹென்றியெட்டா ஹோவர்டு இவ்விரு வகையிலும் அடங்கார். அவரிடம் பெருஞ்செல்வாக்கு உண்டென்று ஊர் நம்பியது. உண்மையில் அது இல்லை. அந்நம்பிக்கையால் ஏமாந்தோருள் கவிஞர்களும் இருந்தமையால், அவர் வரலாறு இம்மலருக்குப் பொருந்தும் என எண்ணினேன்.

1689இல் நார்ஃபோக்கில் ஹோபார்ட் குடியில் பிறந்தவர் அவர். தந்தை 1698இல் வாட்போரில் மாண்டார். 1706இல் சார்லஸ் ஹோவர்டை மணந்தார். கணவன் குடியன், சூதாடி, கைநீட்டுபவன். அரியணை ஏறவிருந்த ஹனோவர் குடும்பத்தை அண்டிப் பிழைக்க ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, வழிச்செலவுக்குத் தம் கூந்தலையே விற்க முனைந்தார் என்பர். 1714இல் இளவரசி கரோலினின் பள்ளியறைப் பணிமகளானார்.

1717இல் முதலாம் ஜார்ஜ் தம் மகனை அரண்மனையினின்று வெளியேற்றினார். சார்லஸோ மன்னரின் பணியில் இருந்தவன். மனைவியைத் திரும்பி வருமாறு ஆணையிட்டான். ஹென்றியெட்டா இளவரசியோடு சென்றார். பிள்ளை தந்தைக்கே உரியது என்பது அந்நாட்டுச் சட்டம். பத்து வயது மகன் தந்தையிடம் தங்கினான். அவன் உள்ளம் பின்னர் ஒருபோதும் தாயை நாடவில்லை. ஏறத்தாழ இக்காலத்திலேயே அவர் இளவரசரின் காதலியானார். அவர் வேண்டியது காமத்தினும் காப்பே என்பது என் துணிபு.

1723இல் இளவரசர் அவருக்கு 11,500 பவுண்டு மதிப்புள்ள பங்குகளை வழங்கினார். அதனைக் கொண்டு தேம்ஸ் நதிக்கரையில் ட்விக்கன்ஹாம் அருகே மார்பிள் ஹில் என்னும் வெண்ணிற மாளிகையை எழுப்பினார். அண்டை வீட்டாரான அலெக்சாண்டர் போப் தோட்டம் அமைக்கத் துணைநின்றார். ஜான் கே, ஜோனதன் சுவிஃப்ட் ஆகியோரும் அங்குப் பழகினர்.

1727இல் இளவரசர் மன்னரானார். பரிசில் பெற்ற பாணன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது நம் ஆற்றுப்படை மரபு. இலண்டன் புலவர்க்கு அவ்வாறு சரியான வாயிலைக் காட்டுவார் இல்லை. காதலியின் வாயிலில் அவர்கள் காத்திருக்க, மன்னரின் மனத்தை ஆண்டவரோ அரசி கரோலின். முதலமைச்சர் சர் ராபர்ட் வால்போல் இதனை முன்னரே உணர்ந்து அரசியின் பக்கம் நின்றார், பதவியும் நிலைத்தது. ஜான் கேக்குக் கிடைத்தது மூன்று வயதும் நிரம்பாத இளவரசி லூயிசாவுக்கு வாயில் ஏவலராகும் பதவி! அவர் மறுத்துவிட்டார். 1728 ஜனவரியில் அரங்கேறிய அவருடைய பிச்சைக்காரரின் இசைநாடகம் 62 இரவுகள் நடைபெற்றமை அரசவை தராத பரிசில். சுவிஃப்ட் மட்டும் ஹென்றியெட்டாவின் மீது பழிசுமத்தினார். இப்பழி நேரியதன்று. மன்னரின் வாழ்க்கைத்துணையிடம் ஊழியம் செய்துகொண்டே மன்னரின் காதலியாய் இருந்தவர், பிறர்க்கு எதனைப் பெற்றுத்தர இயலும்? முகம் கழுவுகையில் மண்டியிட்டுக் கலம் ஏந்துமாறு அரசி அவரைப் பணித்ததாகவும் கூறுவர்.

1728இல் மணவிலக்கு அன்றிப் பிரிந்து வாழும் உரிமை மட்டும் கிட்டியது. 1731இல் கணவன் சஃபோக் பிரபு ஆனமையால் அவரும் கோமகளானார். 1733இல் கணவன் இறந்தான். மறு ஆண்டே அரசவையைத் துறந்தார். 1735இல் ஜார்ஜ் பார்க்லி என்பாரை மணந்து, 1746இல் அவர் மறையும்வரை அமைதியாய் வாழ்ந்தார்.

முதுமையில் செவிப்புலன் பெரிதும் மங்கியது. அண்டையில் வாழ்ந்த ஹொரேஸ் வால்போல் அடிக்கடி வந்து, பழைய அரசவைக் கதைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தம்மை வீழ்த்திய அரசியலின் தலைவர் ராபர்ட் வால்போலின் மகனே அவர் என்பதை அம்மூதாட்டி பொருட்படுத்தவில்லை. 1767 ஜூலையில் மார்பிள் ஹில்லிலேயே காலமானார்.