அம்பேத்கார் சம்பளத்துக்கு இருந்த காலம்

டாக்டர் அம்பேத்கார் அவர்களை இந்திய அரசியல் சாசனத்தோடு சேர்த்தே நம்மவர் அறிவர். அவர் சம்பளத்துக்கு உத்தியோகம் பார்த்த நாள்களில் பட்ட பாட்டை அறிந்தவர் குறைவு. நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் வியாபாரிகளாகிய நாம் தெரிந்திருக்க வேண்டியது இந்தப் பகுதியே எனக் கருதி எழுதுகிறோம்.

1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவ முகாமில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்தில் சுபேதார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மகார் ஜாதி. பரோடா மகாராஜா உதவிப்பணம் கொடுத்து 1913-ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கும் லண்டனிலும் படித்து 1917-ல் திரும்பினார். படிக்க வைத்ததற்குப் பத்தாண்டு சமஸ்தானத்தில் ஊழியம் செய்வதாக ஒப்பந்தம்.

பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்ஸிகளின் சத்திரம் ஒன்றில், பார்ஸிப் பெயர் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து இருந்தார். ஆபீசிலோ, அவருக்குக் கீழே வேலை செய்யும் சேவகர்கள் காகிதக் கட்டுகளைக் கையில் தராமல் எட்ட நின்று மேஜைமேல் எறிந்தார்கள். குடிதண்ணீரும் இல்லை. படிப்பும் பதவியும் வந்துவிட்டால் இழிவு தானே ஒழியும் என்று நம்மில் பலர் சொல்லக் கேட்கிறோம். அங்கே அந்தக் கணக்கு செல்லவில்லை. பதினோராம் நாள் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்ஸிகள் வந்து, மாலைக்குள் சத்திரத்தைக் காலிசெய்யச் சொன்னார்கள். இரண்டு சிநேகிதர்களைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் ஹிந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவரும் கைவிரித்தனர். பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குப் போய்விட்டார்.

1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அங்கும் ஆசிரியர்களுக்கு வைத்த பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாதென்று சிலர் ஆட்சேபித்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து 1920-ல் மறுபடி லண்டன் சென்று, பாரிஸ்டராகவும் டாக்டராகவும் 1923-ல் திரும்பினார். இனி ஒருவரிடம் கைகட்டி நிற்க வேண்டாத தொழில்!

தம் பாடு தீர்ந்ததென்று அவர் இருந்துவிடவில்லை. பம்பாய் பஞ்சாலைகளில் தீண்டாதார் நூற்பில் வேலை செய்யலாம், நெசவுப் பகுதிக்குள் போகக் கூடாது. காரணம் கேட்டால் நேயர்கள் வியப்பார்கள். நாடாவில் நூல் தீர்ந்ததும் புது நூலின் முனையைத் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அவர் எச்சில் பட்ட நாடாவை நாங்கள் தொடுவதா என்பதே மற்றத் தொழிலாளரின் பேச்சு. கல்லூரிப் பானைக்கும் இந்த நாடாவுக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: பானையில் போனது மானம், நாடாவில் கூலியும் சேர்ந்து போயிற்று; நெசவில்தான் கூலி அதிகம். தடுத்தது முதலாளி மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற தொழிலாளியுந்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1928-ல் ஆலைகளில் ஆறு மாதம் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும், இல்லையேல் எம்மவர் உங்களோடு நிற்கமாட்டார் என்று அம்பேத்கார் தலைவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தயங்கித் தயங்கியே சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் ஆலைக்குள் பழக்கம் லேசில் மாறவில்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் சபையில் தொழில் இலாகா அவர் வசம் இருந்தது. சர்க்கார் வேலைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு இத்தனை பங்கு என்று 1943-ல் விதியானது. ஆலை வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கொண்டுவந்த மசோதாவே.

அவர் தலைமையில் குழு வரைந்த சாசனம் 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்தது. ஜாதி, மதம் பார்த்து இன்னின்ன இடத்தில் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று அதன் 15-ஆம் பிரிவு பெயர் சொல்லியே எழுதுகிறது. அந்த வரிசையில் முதலில் வருவது கடை. உணவுச்சாலையும் ஹோட்டலும் அதன் பிறகு. கிணறும் குளமும் அதற்கும் பிறகு. 1956 டிசம்பர் 6-ல் டில்லியில் காலமானார்.