மொறப்பாக்கம் கோபாலனார்

விழுப்புரத்தினின்றும் சென்னைக்குப் புகைவண்டியிற் செல்லும் நம் மாணவர், திண்டிவனத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் பழைய தென்னார்க்காட்டின் எல்லை முடிந்து செங்கற்பட்டுச் சீமை தொடங்குவதை அறிவர். ஏரிகளும் பனைகளும் நெல்வயல்களும் இருமருங்கும் விரிந்து கிடக்கும் அச்சீமையில் மொறப்பாக்கம் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் அவ்வூரின் பெயர் ஓர் ஆட்டக்காரரின் பெயரோடு பிரியாது இணைந்து நிற்கின்றது. எம். ஜே. கோபாலன் என்னும் பெயரின் முதலெழுத்துக் குறிப்பது அவ்வூரையே யாகும்.

வென்றோர் வரலாறுகளை நாம் விரும்பிப் படிக்கின்றோம். அவை நமக்கு ஊக்கமும் தருகின்றன. ஆயினும் வெற்றியின் வாயில்வரை சென்று, உள்ளே புகாமல் திரும்பியவர் வரலாறு அதனினும் நமக்கு அணித்தானது. ஏனெனில் நம்மிற் பெரும்பாலோர் அத்தகையோரே. ஆதலின் இவ்வாண்டு மலரில் கோபாலனாரின் வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

கோபாலனார் 1909-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள் பிறந்தவர் என்று ஆட்டக் கணக்கேடுகள் கூறும். அவர் ஆட்டம் வளர்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். கோயிற் குளமும் கடற்கரையும் அருகருகே அமைந்த அப்பகுதி, அக்காலத்தில் பந்தாட்டத்திற்குப் பேர்போனது. திருவல்லிக்கேணிக் கிரிக்கெட் சங்கத்தில் ஆடிய கோபாலனாரின் பந்துவீச்சைக் கண்டு வியந்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் தாமே சிறந்த ஆட்டக்காரர். சென்னைக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கியவர். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ளும் வழி அந்நாளில் நம் நாட்டார் பெரும்பாலோர்க்கு இல்லை. இன்று ஏலத்தில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஆட்டக்காரரை எடுக்கும் வழக்கத்தைக் காணும் இளைஞர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். கையில் உத்தியோகம் இல்லாதவன் மைதானத்தில் நெடுநாள் நிற்றல் அரிது. ஜான்ஸ்டன் கோபாலனார்க்குப் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். அவ்வேலையே அவரது ஆட்டத்தைக் காத்த வேலியாயிற்று.

அந்நாளில் பொங்கற் காலத்தில் சேப்பாக்கத்தில் இந்தியர்க்கும் ஐரோப்பியர்க்கும் ஆண்டுதோறும் நிகழ்ந்த மாகாணப் பந்தயம் சென்னை நகரின் பெருவிழாக்களுள் ஒன்று. 1926-27-ஆம் பருவத்திலேயே கோபாலனார் முதல்தர ஆட்டத்துள் அடியெடுத்து வைத்தார். மித வேகத்திற்கு மேற்பட்ட வேகம், பந்தை இருபுறமும் வளைக்கும் திறம், வெயிலுக்குத் தளராத உடல் ஆகிய மூன்றும் அவர்க்கு வாய்த்திருந்தன. மட்டையேந்திய காலத்தும் அவர் பயனின்றி நிற்பவரல்லர். கிரிக்கெட் பருவம் கழிந்தால் கையிற் கோலேந்தி ஹாக்கியாடுவார். அதிலும் அவர் முன்னணியினரே. ஒரே உடலில் இரண்டு ஆட்டங்கள் இத்துணைச் சிறப்பாகக் குடிகொள்ளுதல் உலகில் அரிதாகவே நிகழ்வது.

1933-34-ஆம் பருவத்தில் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்துக் கோஷ்டி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணில் டெஸ்டுப் பந்தயம் நிகழ்ந்தது அதுவே முதன்முறை. முதற் பந்தயம் பம்பாயில் நடந்தது. இரண்டாவது பந்தயம் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் 1934 ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கியது, அதில் சி. கே. நாயுடுவின் தலைமையில் ஆடிய பதினொருவருள் கோபாலனாரும் ஒருவர். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இரண்டு முறை மட்டையேந்திய அவர் மொத்தம் 18 ஓட்டங்கள் எடுத்தார். ஒரு விக்கெட்டு வீழ்த்தினார். பெரிய சாதனை என்று கூறவியலாவிடினும் இகழத்தக்க தொடக்கமும் அன்று. அடுத்த மாதம் மூன்றாவது பந்தயம் அவர் வளர்ந்த சென்னைச் சேப்பாக்கத்திலேயே நிகழ்ந்தது. சென்னை கண்ட முதல் டெஸ்டு அது. தம் ஊரார் முன்னிலையில் பந்தெறியும் பேறு அவர்க்குக் கிட்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அவர் பெயர் ஆடும் பதினொருவருள் இடம்பெறவில்லை.

அவ்வாண்டு நவம்பர் மாதம் 4-ஆம் நாள் வேறொரு பேறு அவரைத் தேடி வந்தது. இந்திய மாகாணங்களுக்கிடையே ரஞ்சிக் கோப்பைப் போட்டி புதிதாக ஏற்படுத்தப்பட்டு, அதன் முதலாட்டம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடைபெற்றது. அப்போட்டியின் முதற் பந்தை வீசியவர் கோபாலனார். மைசூர் 48 ஓட்டங்களும் 59 ஓட்டங்களுமே எடுக்க, சென்னை 130 ஓட்டங்கள் எடுத்து, ஒரே நாளில் ஆட்டத்தை முடித்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். இன்றுவரை நடைபெற்றுவரும் அப்பெரும் போட்டியில் வீசப்பட்ட எண்ணிலாப் பந்துகளுக்கெல்லாம் மூத்த பந்து அன்று கோபாலனார் கையினின்றும் புறப்பட்டதே.

1935-இல் தியான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கிக் கோஷ்டி நியூசிலாந்துக்குச் சென்றபோது கோபாலனார் அதில் இடம்பெற்றார். அப்பயணத்தில் நம்மவர் ஆடிய 48 ஆட்டங்களிலும் வெற்றியே பெற்றனர். 500-க்கு மேற்பட்ட கோல்களை அடித்தனர். ஹாக்கியில் இந்தியாவுக்கு நிகர் உலகில் அன்று எந்நாடும் இல்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒலிம்பிக் தங்கம் நம் நாட்டுக்கே கிடைத்திருந்தது. அடுத்த ஒலிம்பிக் பந்தயம் 1936-இல் பெர்லினில் நடைபெறவிருந்தது. நியூசிலாந்து சென்று மீண்ட கோபாலனார் அக்கோஷ்டியிலும் இடம்பெறுவார் என்றே எதிர்பார்க்கப்பட்டார்.

இந்நிலையில்தான் அவர் வாழ்க்கையில் இரண்டு வழிகள் குறுக்கிட்டன. அதே 1936-ஆம் ஆண்டின் கோடையில் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதற்கும் அவர் அழைக்கப்பட்டார். ஒரே பருவத்தில் இரண்டிடத்தும் இருத்தல் இயலாது. ஒன்றைக் கொள்ள மற்றொன்றை விடல் வேண்டும். கோபாலனார் கிரிக்கெட்டைக் கொண்டார், ஹாக்கியை விட்டார்.

பின் நிகழ்ந்தது என்னை? விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையிற் சென்ற அக்கிரிக்கெட் கோஷ்டி மனவொற்றுமை இன்றித் துன்புற்றது. முதல் டெஸ்டுக்கு முன்னரே லாலா அமர்நாத் என்னும் பெருவீரர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் இரண்டில் தோல்வியும் ஒன்றில் சமனும் கிட்டின. அம்மூன்றனுள் ஒன்றிலேனும் கோபாலனார்க்கு இடம் கிடைத்திலது. இங்கே நாம் நடுவுநிலை பிறழாது பேசல் வேண்டும். அவர்க்கு முன்னே நின்ற வேகப்பந்து வீச்சாளர் முகமது நிஸ்ஸாரும் அமர்சிங்கும் ஆவர். அமர்சிங் லார்ட்ஸ் மைதானத்தில் 35 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். நிஸ்ஸார் ஓவல் மைதானத்தில் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகள் எடுத்தார். அத்தகையோர் இருவர் ஒருங்கே தோன்றிய காலத்தில் பிறந்தது கோபாலனாரின் ஊழ் என்றல்லது வேறென் சொல்வது!

அதே கோஷ்டியில் சென்னையினின்றும் சென்ற மற்றொருவர் கோட்டா இராமசுவாமி. இவரும் இரண்டு ஆட்டங்களில் இந்தியாவுக்காக ஆடியவரே. 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 40 வயது நிரம்பியபின், அவ்வாண்டு ஜூலை மாதம் மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டை ஆடி 40 ஓட்டங்களும் 60 ஓட்டங்களும் எடுத்துப் புகழ் பெற்றார். நாற்பது வயதினர்க்குத் திறந்த கதவு இருபத்தேழு வயதினர்க்கு மூடியே கிடந்தது. வாய்ப்பு என்பது வயதையும் உழைப்பையும் மட்டுமே நோக்கி வருவதன்று.

1936 ஆகஸ்டு 15-ஆம் நாள், சனிக்கிழமை. அன்று லண்டன் நகரில் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்டு தொடங்கியது. ஆடும் பதினொருவருள் கோபாலனார் இல்லை. அதே நாளில் பெர்லின் நகரில் ஹாக்கி இறுதியாட்டம் நிகழ்ந்தது. முதல்நாள் நடந்திருக்க வேண்டிய அவ்வாட்டம் மழையால் ஒருநாள் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. தியான்சந்தின் கோஷ்டி ஜெர்மனியை 8-க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்று மூன்றாம் முறையாகத் தங்கம் பெற்றது. ஒரே நாளில், ஒரு நகரில் அவர் கொண்டது கைகூடாமலும், மற்றொரு நகரில் அவர் விட்டது பொன்னாகவும் முடிந்தன. கற்பனைக் கதையாயின் இதனை நம்ப மாட்டோம்; நடந்தமையின் நம்புகின்றோம்.

இனியொரு டெஸ்டு கிட்டாதா என்று நீங்கள் கேட்கலாம். அடுத்துச் சில ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. 1936-க்குப் பின் 1946 வரை இந்தியா ஒரு டெஸ்டும் ஆடவில்லை. 1932 முதல் 1936 வரை நம் நாடு ஆடிய டெஸ்டுகள் ஏழே. அவ்வேழனுள் ஒன்று கோபாலனாருடையது. மீண்டும் கதவு திறந்தபோது அவர் 37 வயதினர். அவர் உடல் வலிமை முதிர்ந்து நின்ற பத்தாண்டுகளைக் காலம் விழுங்கிவிட்டது.

இத்தகைய இழப்பு நேர்ந்தவர் ஆட்டத்தை வெறுத்து ஒதுங்கினாலும் எவரும் குறை கூறார். கோபாலனாரோ மீண்டும் சேப்பாக்கத்திற்கு வந்து பந்தெறிந்தார். 1936-க்குப் பின்னும் பதினைந்து பருவங்கள், 1951-52 வரை, முதல்தர ஆட்டத்தில் நிலைத்தார்; சென்னைக் கோஷ்டிக்குத் தலைமையும் தாங்கினார். முதல்தர ஆட்டங்கள் 78-இல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 194. அக்காலத்தில் ஓராண்டில் நிகழ்ந்த முதல்தர ஆட்டங்கள் மிகச் சிலவே என்பதை நினைந்தால் இவ்வெண்ணின் அருமை விளங்கும். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53-ஆம் பருவத்தில் தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்று பெயர் சூட்டினர். இலங்கை டெஸ்டு உரிமை பெறுமுன், அந்நாட்டு ஆட்டக்காரர் பல தலைமுறையினர் அக்கோப்பையை நாடியே தம் திறத்தைக் கூர்மை செய்தனர். தாம் ஒரே ஒரு டெஸ்டு ஆடியவர், ஒரு நாடு டெஸ்டு மேடைக்கு ஏறுதற்குரிய படிகளுள் ஒன்றாகத் தம் பெயர் அமையக் கண்டார். பின்னர் இந்தியக் கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். தேர்ந்தெடுக்கப்படாமையின் வருத்தத்தை நேரில் அறிந்தவர் பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்ந்தார்.

2003 டிசம்பர் 21-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். இறுதி வாரங்களில், உலகில் உயிரோடிருந்த டெஸ்டு ஆட்டக்காரர் அனைவருள்ளும் மூத்தவர் என்னும் பெருமை அவர்க்கு உரியதாயிருந்தது. 

கோபாலனார் தவறான வழியைத் தேர்ந்தாரோ? விளைவு தெரிந்தபின் தீர்ப்புக் கூறுதல் எவர்க்கும் எளிது. பயணம் புறப்படும்முன் நின்று நோக்கினால், ஒரே ஒரு டெஸ்டு ஆடிய இளைஞன் இங்கிலாந்து மண்ணில் தன் திறத்தை மெய்ப்பிக்க விரும்பியது குற்றமாகத் தோன்றாது. இழப்பு இழப்பே, அதனை இனிய சொல்லால் மூடி மறைத்தல் அவர்க்குச் செய்யும் மரியாதையன்று. பெர்லின் தங்கம் அவர்க்குக் கிடைத்திருக்கலாம், கிடைக்கவில்லை. ஆயினும் அவ்விழப்பைத் தம் வாழ்வின் கடைசிக் கணக்காக அவர் எழுதிவிடவில்லை. அங்கேதான் அவரது பெருமை தொடங்குகின்றது.

பவுலடியார் கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிட்டதை நம் சிற்றாலயத்தில் பன்முறை கேட்டிருக்கின்றோம். பரிசு பெற்றோனை மட்டுமே அவ்வுவமை கருதுவதாகக் கொள்வோர், இறுதிவரை ஓடும் பொறுமையை மறந்தவராவர்.

இளைஞர்காள்! ஆண்டுதோறும் நம் கல்லூரி விளம்பரப் பலகையில் கோஷ்டிப் பட்டியல் ஒட்டப்படுகின்றது. அதன்முன் கூடும் கூட்டத்தில், தன் பெயரைத் தேடிக் காணாது, ஒருவரோடும் பேசாது விடுதிக்குத் திரும்பும் மாணவன் ஒவ்வோராண்டும் ஒருவன் உண்டு. தேர்வுப் பட்டியலிலும் உத்தியோகப் பட்டியலிலும் அவ்வாறு திரும்புவோர் பலர். அவன் பொருட்டே இதனை எழுதினேன். விடுமுறையில் ஊர் செல்லும் வழியில் செங்கற்பட்டுச் சீமையைக் கடக்கும்போது மொறப்பாக்கத்து மனிதரை அவன் ஒருகணம் நினைத்துக் கொள்வானாக. விடுமுறை கழிந்து திரும்பியதும், முதல் மாலையிலேயே மைதானத்திற்கு வருவானாக.